தென்னாப்பிரிக்க ரக்பி அணிகள் ஐரோப்பிய லீக்கிலேயே இருக்கலாமா, திரும்பி வர வேண்டுமா?

குமரன், டர்பன்

நேராகவே கேட்கிறேன். நம் அணிகள் ஐரோப்பாவில் ஆடப் போய் நாலு சீசன் முழுதாக முடிந்துவிட்டது. இது நமக்கு நல்லதா? "நம்" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். 2012இல் தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தேன், வந்த மாதமே ரக்பி ஆட்டம் பார்க்க டர்பனின் கிங்ஸ் பார்க் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள், அன்றிலிருந்து ஷார்க்ஸ்தான் என் அணி.

அப்போதெல்லாம் சனிக்கிழமை காலை என்றால் நியூசிலாந்து ஆட்டம். எட்டரை மணிக்கு டிவியைப் போட்டால் கிரைஸ்ட்சர்ச்சில் இரவாக இருக்கும், தோசை ஊற்றிக்கொண்டே அந்த ஊர் அணியான குரூசேடர்ஸைப் பார்ப்போம், மதியம் ஆஸ்திரேலியா, சாயங்காலம் நம் ஊர். 1996இல் தெற்கு நாடுகளின் சூப்பர் 12 லீக் (பிறகு சூப்பர் ரக்பி) தொடங்கிய நாளிலிருந்து இங்கே பல வீடுகளில் சனிக்கிழமை இப்படித்தான் கழிந்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்தது, நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டார்கள், அந்த செப்டம்பரில் புல்ஸ், லயன்ஸ், ஷார்க்ஸ், ஸ்டார்மர்ஸ் நான்கும் வடக்கே போவது என்று தென்னாப்பிரிக்க ரக்பி சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்தது. 2021இலிருந்து அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி அணிகளோடு சேர்த்து 16 அணிகளின் யுஆர்சி (யுனைட்டெட் ரக்பி சாம்பியன்ஷிப்) லீக்.

எனக்கு மனம் உடைந்தது 2024 ஏப்ரலில். சாம்பியன்ஸ் கோப்பை காலிறுதி, பிரிட்டோரியாவின் புல்ஸ் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்குப் போக வேண்டும், முதல் அணி வீரர்களில் பெரும்பாலானவர்களை பிரிட்டோரியாவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், 59–22 என்று தோற்றார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பைக்கான காலிறுதி அது! அதை ஒரு தொல்லையாக நினைத்துத் தள்ளிவிடும் நிலை வந்துவிட்டது என்றால் நாம் அந்தப் போட்டியில் எதற்கு இருக்கிறோம்?

மலர், லிமரிக்

குமரன், உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த நார்தாம்ப்டன் கதையில் புல்ஸ் மேல் மட்டும் பழி போடாதீர்கள். முந்தின வாரக் கடைசியில்தான் பிரான்சின் லியோனை வீட்டில் வைத்து ஜெயித்தார்கள், அது முடிந்த பிறகுதான் அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்றே தெரியும், ஆறேழு நாளுக்குள் முப்பது நாற்பது பேருக்கு விமான டிக்கெட் தேட வேண்டும், ஒரே விமானத்தில் இடம் கிடைக்காது, குழுகுழுவாகப் பிரிந்து வர வேண்டும், வந்து இறங்கி இரண்டு நாளில் ஆட வேண்டும். அதற்கடுத்த வாரம் மறுபடி பிரிட்டோரியாவில் எங்கள் அயர்லாந்து அணியான மன்ஸ்டரோடு லீக் ஆட்டம். அந்த ஆட்டத்துக்காகத்தான் ஆட்களைக் காப்பாற்றி வைத்தார்கள், அதையும் மன்ஸ்டர் 27–22 என்று ஜெயித்தது வேறு விஷயம்.

இதே வேலையை அயர்லாந்து அணிகளும் செய்கின்றன. 2023 ஏப்ரலில் டப்ளினின் லென்ஸ்டர் இளம் பையன்களை புல்ஸின் லாஃப்டஸ் மைதானத்துக்கு அனுப்பி 62–7 என்று வாங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பையன்களுக்காக நான் வருத்தப்பட்டேன், அவர்கள் லென்ஸ்டர்காரர்களாக இருந்தாலும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த ரக்பி நாள் இந்த லீக்கால்தான் கிடைத்தது. 2023 சீசன் கடைசியில் எங்களுக்கு வீட்டில் ஒரு ஆட்டம்கூட இல்லை. ஏப்ரலில் டர்பனில் உங்கள் ஷார்க்ஸிடம் 50–35 என்று தோற்றோம், அப்புறம் கேப் டவுனில் ஸ்டார்மர்ஸை 26–24, காலிறுதியில் கிளாஸ்கோவை அவர்கள் மண்ணில், அரையிறுதியில் டப்ளினில் லென்ஸ்டரை ஒரே ஒரு புள்ளியில், கடைசியில் மறுபடி கேப் டவுன் இறுதிப்போட்டி, 55,000க்கும் மேலான கூட்டம், 19–14. எங்கள் ஹாட்னெட் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்து அந்தக் கடைசி ட்ரை போட்டபோது வார்டில் என்னோடு வேலை செய்யும் ஐரிஷ் அக்கா அழுதேவிட்டார். டப்ளினில் லென்ஸ்டரைத் தோற்கடிப்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்தான், ஆனால் ஆறாயிரம் மைல் பறந்துபோய் நடப்பு சாம்பியனை அவன் வீட்டிலேயே வெல்வது வேறு உயரம். பழைய 12 அணி லீக்கில் இது கிடைத்திருக்காது.

இளங்கோ, கார்டிஃப்

மலர், நீங்கள் ஜெயிக்கிற பக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் அழகாகத் தெரிகிறது. கொஞ்சம் வேல்ஸுக்கு வந்து பாருங்கள்.

எனக்கு இங்கே பதினெட்டு வருடம். கார்டிஃபில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிரிஸ்டல். பாத், குளோஸ்டர் எல்லாம் எட்டிப் பிடிக்கும் தூரம். இங்கே வயதானவர்களிடம் பேசினால் அவர்கள் நினைவில் இருப்பது முழுக்க இந்த ஆட்டங்கள்தான், நாலு பஸ் நிறைய ஆள் போய் பாட்டுப் பாடி அடுத்தவன் மைதானத்தை ஆக்கிரமித்த கதைகள். 1998–99இல் கார்டிஃபும் ஸ்வான்சியும் வேல்ஸ் லீக்கையே விட்டு வெளியேறி ஒரு சீசன் முழுக்க இங்கிலாந்து கிளப்புகளோடு நட்பு ஆட்டங்கள் ஆடின. புள்ளியும் இல்லை கோப்பையும் இல்லை, ஆனாலும் கூட்டம் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு மழையில் ஜோகன்னஸ்பர்க்கின் லயன்ஸ் வருகிறது. நல்ல அணி, அருமையாக ஆடுகிறார்கள், ஆனால் எதிரணி விசிறிகள் நிற்கிற மூலை காலி. வம்புக்கு இழுக்க ஆள் இல்லை, திங்கட்கிழமை அலுவலகத்தில் கிண்டல் செய்ய ஆள் இல்லை. அப்புறம் நம் ஆட்கள் மூன்று நாள் பயணம் போய் லயன்ஸின் எல்லிஸ் பார்க்கில் 1,700 மீட்டருக்கு மேலே மூச்சு வாங்கி ஆடிவிட்டு வருகிறார்கள். வேல்ஸ் அணி கடைசியாக லீக் கோப்பையைத் தூக்கியது 2017இல் ஸ்கார்லெட்ஸ். 2025 ஏப்ரலில் கார்டிஃப் கிளப் நிதி நெருக்கடியில் திவால் நிர்வாகிகள் கைக்குப் போய், ரக்பி சங்கமே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் நாலு அணியை மூன்றாகக் குறைக்கப் போவதாக அதே சங்கம் அறிவித்தது. தென்னாப்பிரிக்காதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் கோளாறு அதைவிடப் பழையது. பக்கத்து ஊரோடு ஆட விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தயா, கண்டி

இளங்கோ அண்ணை, அந்த இங்கிலாந்துக் கிளப்புகளே 2022இல் வொர்ஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் என்று ஒரு வருடத்துக்குள் மூன்று விழுந்துபோனதை மறக்க வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்தால் காசு கொட்டும் என்று சொல்ல ஏலாது.

நான் பள்ளிக்கூடத்தில் ஹூக்கராக, முன்வரிசை நடுவில், ஆடினவன், பெரிய ஆளில்லை, ஆனால் இரண்டு அணியும் தலைகோத்துத் தள்ளுகிற ஸ்க்ரம்மில் நின்ற கழுத்து இன்றைக்கும் மழைக்காலத்தில் ஞாபகப்படுத்தும். அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஆட்டக்காரரின் உடம்பு. தென்னாப்பிரிக்கத் தேசிய அணி வீரர் ஒருவரின் வருடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் இறுதி, ஒக்டோபர் வரை நாட்டுக்காக டெஸ்ட் ஆட்டங்கள். அது முடியும்போதே யுஆர்சி தொடங்கிவிடும். நவம்பரில் மறுபடி நாட்டுக்காக ஐரோப்பா. டிசெம்பரில் சாம்பியன்ஸ் கோப்பை. பிறகு ஜூன் வரைக்கும் லீக். ஓய்வு எங்கே? வடக்கத்தி ஆட்டக்காரருக்குக் கோடையில் சில வாரம் உண்மையான விடுமுறை இருக்கிறது. இவர்களுக்குக் கிளப் காலண்டர் வடக்கு, நாட்டுக் காலண்டர் தெற்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரே முழங்கால்.

முன்பு நியூசிலாந்துப் பயணம் லேசாக இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. பத்துப் பதினொரு மணி நேர வித்தியாசம், நாலு கிழமை வீட்டை விட்டுப் போக வேணும், நித்திரை திரும்பவே ஒரு கிழமை. லண்டன் விமானமும் இரவெல்லாம் ஓடும்தான், ஆனால் நேரம் ஒன்றோ இரண்டோ மணிதான் மாறும், இறங்கினால் உடம்பு அதே நேரத்தில் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் வடக்கு எவ்வளவோ மேல். காலண்டரைச் சரிசெய்தால் மீதியும் சரியாகும் என்பது என் எண்ணம்.

குமரன், டர்பன்

தயா சொன்ன நேரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்களைச் சமமாக நடத்துகிறார்களா? 2024இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான சேலஞ்ச் கோப்பை அரையிறுதியில் ஷார்க்ஸுக்குத்தான் வீட்டு ஆட்டம். தென்னாப்பிரிக்காவில் அரையிறுதி நடத்தக் கூடாது என்று அப்போது விதி. அதனால் எங்கள் வீட்டு ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா, லண்டனில், ட்விக்கன்ஹாம் ஸ்டூப் மைதானத்தில்! பிரான்சின் கிளெர்மோனை 32–31 என்று ஜெயித்தோம், இறுதிப்போட்டியில் குளோஸ்டரை 36–22, ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் தென்னாப்பிரிக்க அணி ஷார்க்ஸ்தான். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஆனாலும் அந்த அரையிறுதி கிங்ஸ் பார்க்கில் நடந்திருந்தால் என் மகனைத் தோளில் தூக்கி உட்காரவைத்துப் பார்த்திருப்பேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. அந்த வயது திரும்பி வராது.

செல்வி, புளூம்ஃபொன்டைன்

எல்லோரும் போனவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி நான் பேசுகிறேன்.

2017 சீசன் கடைசியில் சூப்பர் ரக்பியை 18 அணியிலிருந்து 15ஆகக் குறைத்தபோது வெளியே தள்ளப்பட்டவை எங்கள் ஊர் சீட்டாஸ், தென்னாப்பிரிக்காவின் இன்னொரு அணி சதர்ன் கிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ். சீட்டாஸும் கிங்ஸும் அந்த வருடமே யுஆர்சியின் முந்தைய வடிவமான ஐரோப்பாவின் புரோ14 லீக்கில் சேர்ந்தன. யாரும் போகாத பாதை அது. எங்கள் பையன்கள் முதல் சீசனிலேயே காலிறுதி வரை போனார்கள். எங்கள் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து இரவில் ஐரிஷ் அணிகள் எங்கள் மைதானத்தில் மூச்சுவாங்கி நின்றதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். இந்தப் பயணம் முடியும், இந்த நேரம் ஒத்துவரும், இந்த ஆட்டத்தை டிவியில் விற்கலாம் என்று நிரூபித்தது யார்? நாங்கள்.

2020இல் கதவு அகலமாகத் திறந்தபோது பெரிய நான்கு அணிகள் உள்ளே போயின, சீட்டாஸை வெளியே நிறுத்தினார்கள். கிங்ஸ் அதே வருடம் திவாலாகிக் கலைந்தே போனது. அப்புறம் சீட்டாஸ் அழைப்பின் பேரில் சேலஞ்ச் கோப்பையில் ஆடியது, வீட்டு மைதானம் என்று இத்தாலியில் பார்மாவைக் கொடுத்தார்கள், அடுத்த சீசன் ஆம்ஸ்டர்டாம். புளூம்ஃபொன்டைன் அணிக்கு வீடு ஆம்ஸ்டர்டாம்! 2023இல் அதே சீட்டாஸ் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் போட்டியான கரி கோப்பையை வென்றது. 2022இல் பூமாஸ் வென்றது, 2025இல் கிம்பர்லியின் கிரிக்வாஸ் 1970க்குப் பிறகு முதல்முறையாக வென்றது. மூன்றுமே யுஆர்சியில் இடம் இல்லாத அணிகள். வென்றால் மேலே போகலாம் என்ற கதவே கிடையாது. வென்ற அணியின் நல்ல வீரனை அடுத்த மாதம் பெரிய அணி ஒன்று வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2024 யுஆர்சி இறுதிப்போட்டியில் லாஃப்டஸில் 13–0 என்று முன்னால் போன புல்ஸை 21–16 என்று கவிழ்த்தது கிளாஸ்கோ. அந்த கிளாஸ்கோவின் பயிற்சியாளர் ஃபிராங்கோ ஸ்மித், சீட்டாஸின் பழைய பயிற்சியாளர். பிரிட்டோரியா உயரத்தில் எப்படி ஆட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் அன்று எத்தனை பேர் கிளாஸ்கோவுக்குக் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் தட்டினேன்.

முருகு, சிங்கப்பூர்

செல்வி எழுதியதைப் படித்ததும் எனக்கு சன்வுல்ஃப்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. 2016இல் ஜப்பானிலிருந்து சூப்பர் ரக்பிக்கு வந்த அணி, சில வீட்டு ஆட்டங்களை எங்கள் ஊர் தேசிய மைதானத்தில் ஆடினார்கள். முதல் ஆட்டமே சீட்டாஸோடுதான்! 32–31, சீட்டாஸ் ஒரு புள்ளியில் தப்பித்தது, நான் அங்கே இருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பெரியவர் கடைசி நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டார், அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2019இல் அடுத்த வருடத்தோடு இடம் கிடையாது என்று முடிவாகிவிட்டது, 2020இல் கதை முடிந்தது.

அர்ஜென்டினாவின் ஹாகுவாரெஸ் அதைவிடக் கொடுமை. அவர்களும் 2016இல் வந்தவர்கள், 2019இல் இறுதிப்போட்டி வரை போனார்கள், அடுத்த வருடம் கொரோனா, லீக் உடைந்தது, அணியே கலைந்தது. வீரர்கள் பிழைப்புக்காக ஐரோப்பாவுக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறிப்போனார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், அடுத்தவன் லீக்கில் விருந்தாளியாகப் போனவன் கதை இப்படித்தான் முடிகிறது. தென்னாப்பிரிக்கா தப்பித்தது அதன் டிவி சந்தை பெரியது என்பதால்தான். குமரன், திரும்பிப் போகலாமா என்கிறீர்களே, எங்கே திரும்புவது? நீங்கள் விட்டு வந்த சூப்பர் ரக்பி இப்போது இல்லை. 2022இல் ஃபிஜியின் துருவாவும் மோவானா பசிஃபிகாவும் உள்ளே வந்தன, 2024இல் மெல்பர்ன் ரெபல்ஸ் போய்விட்டது. அது இப்போது பசிபிக் லீக், அதுவும் நல்லதற்குத்தான். 2023இல் லவுட்டோகாவில் துருவா குரூசேடர்ஸை 25–24 என்று ஜெயித்தபோது அந்தத் தீவே எழுந்து ஆடியது. உங்களுக்கு இடம் விடுவதற்காக அவர்களை வெளியேற்றச் சொல்வீர்களா?

மலர், லிமரிக்

முருகு, அந்தக் கடைசிக் கேள்வி சரியானது.

செல்வி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. ஆட்டம் ஆட்டமாக இருக்க வேண்டும் என்றால் கரி கோப்பை வென்ற அணிக்கு ஐரோப்பாவில் ஒரு இடம் இருக்க வேண்டும், அதுவும் சொந்த மைதானத்தோடு. நான்கு அணியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்ற ஊர்க் குழந்தைகள் யாருக்காக ஆடுவார்கள்?

தயா, கண்டி

இன்னொன்றையும் சொல்ல வேணும். வடக்கே போனால் தென்னாப்பிரிக்க ரக்பி மெலிந்துபோகும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன். நியூசிலாந்து வேகத்துக்கு எதிராக ஆடாமல் எப்படித் தேறுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது என்ன? 2023 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்துத் தேசிய அணியான ஆல் பிளாக்ஸை 12–11 என்று வென்றார்கள். 2025 செப்டெம்பரில் அவர்களுடைய வெலிங்டனிலேயே 43–10. ஐரோப்பிய மழையில், சேற்றில், தரையில் கிடக்கிற பந்துக்காக இரண்டு அணியும் முட்டிக்கொள்கிற ஒவ்வொரு ரக்கையும் ரெஃப்ரி வேறு மாதிரிப் பார்க்கிற இடங்களில் வாரம்தோறும் ஆடி அவர்கள் எல்லாச் சூழலுக்கும் பழகிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க அணித் தலைவர் கோலிசி 2023இல் பாரிஸ் கிளப்புக்குப் போனவர், அடுத்த வருடமே ஷார்க்ஸுக்குத் திரும்பினார். முன்பு பிரான்சுக்குப் போனால் அநேகம் பேர் ஆட்டக்காலம் முழுக்க அங்கேதான்.

இளங்கோ, கார்டிஃப்

அது தேசிய அணிக்கு நல்லது, தயா. சனிக்கிழமை மைதானத்துக்குப் போகிற ஆளுக்கு? இரண்டும் ஒன்று என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குமரன், டர்பன்

நேற்றிலிருந்து எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். முருகு கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, துருவாவை வெளியேற்றிவிட்டு நான் உள்ளே போக மாட்டேன். செல்வி சொன்னதைப் பற்றி வெட்கமாக இருக்கிறது, இத்தனை வருடம் நான்கு அணியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நியூசிலாந்து ஆட்டத்துக்காக நான் ஏன் ஏங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்காக இங்கே கப்பல் ஏறி வந்தவர்கள். நிறவெறிக் காலத்தில் இதே கிங்ஸ் பார்க்கில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார், அங்கிருந்து தென்னாப்பிரிக்கத் தேசிய அணியான ஸ்பிரிங்பாக்ஸுக்கு எதிராக ஆல் பிளாக்ஸுக்குத்தான் கத்தியிருக்கிறார். அவர் மட்டுமில்லை, இந்த நாட்டில் கறுப்பின, கலப்பின, இந்திய வீடுகள் பலவற்றில் அதுதான் வழக்கம், கேப் டவுனில் குரூசேடர்ஸ் சட்டை போட்டு வருகிற உள்ளூர்க்காரர்கள் அந்த வழி வந்தவர்கள்தான். தன் நாட்டு அணி தன்னைச் சேர்த்துக்கொள்ளாதபோது தூரத்து அணி ஒன்று அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. 1995 உலகக் கோப்பைக்குப் பிறகு தாத்தா மெல்ல மெல்ல மாறினார், இப்போது ஷார்க்ஸ் சட்டைதான் போடுகிறார், ஆனால் குரூசேடர்ஸ் இங்கே வருகிற நாளில் மட்டும் பழைய கறுப்புத் தொப்பியை எடுத்து வைத்துக்கொள்வார், யாருக்குக் கைதட்டுகிறீர்கள் என்று கேட்டால் நல்ல ஆட்டத்துக்கு என்பார். 2020க்குப் பிறகு அந்தத் தொப்பிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. லென்ஸ்டர் வந்தால் அவருக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை.

2026இல் ஆல் பிளாக்ஸ் இங்கே பழைய மாதிரி நீண்ட சுற்றுப்பயணம் வருகிறார்கள், டெஸ்ட் ஆட்டங்களோடு நம் நான்கு அணிகளோடும் ஆடுவதாகத் திட்டம். டர்பனில் ஷார்க்ஸோடு. தாத்தாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஏற முடியாது, அதனால் கீழ் வரிசையில் மூன்று டிக்கெட் பார்க்கப் போகிறேன், அவருக்கு, எனக்கு, மகனுக்கு. செல்வி, நீங்கள் அந்த வாரம் டர்பன் பக்கம் வர முடியுமானால் சொல்லுங்கள், நான்காகப் பார்க்கிறேன்.